பரோல் உத்தரவில் கையெழுத்திடுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேரா சச்சா சௌதா என்ற ஆன்மிக அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீம் சிங் சிறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம், அவர் முன் யார் கைகூப்பி நின்றார் என்ற சண்டைதான் நடக்கிறது. ஒரு கட்சி பழைய புகைப்படத்தை எடுத்துப் போட்டால், மறு கட்சியும் பதிலுக்கு ஒன்றைத் தேடிப் பிடிக்கிறது. படத்துக்கு யாரிடமும் பஞ்சமில்லை. 2007 பஞ்சாப் தேர்தலில் தேராவின் ஆதரவு காங்கிரஸுக்கு. 2014 ஹரியாணா தேர்தலில் வெளிப்படையாகவே பாஜகவுக்கு. வாக்கு கேட்கப் போகிறவர் மடத்துக்கும் போவார், தர்காவுக்கும் போவார். அதைக் குற்றம் என்றால் மிஞ்சுபவர் யாருமில்லை. குற்றம் ஊரறிந்த பிறகும் அந்தச் சாமியாருக்காக அரசின் பணத்தையும் அதிகாரத்தையும் பயன்படுத்தியது யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதை யாரும் அழுத்திக் கேட்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

ராம் ரஹீம் மீதான பாலியல் வன்கொடுமைப் புகார் 2002-லேயே பொதுவெளிக்கு வந்துவிட்டது. பெண் சீடர் ஒருவர் பெயர் குறிப்பிடாமல் பிரதமர் வாஜ்பாய்க்கு எழுதிய கடிதத்தைத் துணிந்து வெளியிட்டது சிர்சாவின் ‘பூரா சச்’ நாளிதழ். அதன் ஆசிரியர் ராம் சந்தர் சத்ரபதி அதே ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிபிஐ விசாரித்த பாலியல் வழக்கில் 2017 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு வரவிருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் ஹரியாணாவின் அன்றைய கல்வி அமைச்சர் ராம் பிலாஸ் சர்மா, தம் விருப்ப நிதியிலிருந்து தேராவுக்கு 51 லட்சம் ரூபாய் அறிவித்தார். தீர்ப்பு நாளில், நீதிமன்றம் இருந்த பஞ்ச்குலாவில் பெருங்கூட்டம் திரள விடப்பட்டது. அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் வெடித்த கலவரத்தில் 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அரசியல் லாபத்துக்காக நகரை எரியவிட்டீர்கள் என்று உயர் நீதிமன்றமே மாநில அரசைக் கண்டித்தது. புகைப்படத்துக்கு நூறு விளக்கம் சொல்லலாம், 51 லட்சத்துக்கு என்ன விளக்கம்?

இரண்டு பெண் சீடர்களை வன்கொடுமை செய்ததற்கு விதிக்கப்பட்டது 20 ஆண்டு சிறை. ஆனால் 2022 பிப்ரவரியில், பஞ்சாப் வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கையில், 21 நாள் விடுப்பு. அதே ஆண்டு அக்டோபரில், ஹரியாணாவின் ஆதம்பூர் இடைத்தேர்தல் நெருங்கிய வேளையில், 40 நாள் பரோல். அந்த நாட்களில் அவர் நடத்திய இணையவழி சத்சங்கத்தில் அம்மாநிலச் சட்டப்பேரவைத் துணைத் தலைவரே கலந்துகொண்டார். 2024 அக்டோபர் 5 அன்று ஹரியாணா வாக்களித்தது; ராம் ரஹீம் சுனாரியா சிறையிலிருந்து வெளியே வந்தது அக்டோபர் 2. ஹரியாணாவுக்குள் தங்கக் கூடாது, பிரசாரம் கூடாது, சமூக ஊடகத்தில் பேசக் கூடாது என்ற நிபந்தனைகளின் பேரில்தான் அனுமதி. இந்த விடுதலை தேர்தலைப் பாதிக்கலாம் என்ற அச்சம் அதிகாரிகளுக்கே இருந்திருக்கிறது என்பதற்கு அந்த நிபந்தனைகளைவிட வேறு சாட்சி எதற்கு?

பரோல் கைதியின் உரிமை, ஹரியாணாவின் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 10 வாரம் பரோலும் 3 வாரம் விடுப்பும் எவருக்கும் கிடைக்கும் என்கிறது அரசுத் தரப்பு. பரோலை நானும் எதிர்க்கவில்லை. கைதிகளுக்கு அது வேண்டும். ஆனால் சட்டம் உச்சவரம்பைத்தான் சொல்கிறது. எந்த வாரத்தில் யாரை விடுவது என்பதை முடிவு செய்வது நிர்வாகம். அந்த முடிவு திரும்பத் திரும்ப வாக்குப்பதிவை ஒட்டியே வருவது தற்செயல் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர்கள் முடிவெடுத்தவர்களே.

பக்தர்களின் நம்பிக்கையைப் புண்படுத்துவதாகச் சிலர் சொல்லக்கூடும். தேராவை நாடியவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் ஏழைகளும். சாதிப் பெயரைத் துறந்து ‘இன்சான்’ (மனிதன்) என்று சொல்லிக்கொள்ளும் மதிப்பும், போதையிலிருந்து மீளும் வழியும் அங்கே கிடைத்ததால் போனவர்கள். அவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. அவர்களது பக்தியை வாக்கு வங்கியாக எண்ணிப் பார்த்தவர்களிடம்தான் என் கோபம். அதே சபையில் இருந்த இரண்டு பெண்கள் 15 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்களே, அவர்கள் பக்தர்கள் இல்லையா?

ஹரியாணா அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2022 முதல் இவருக்கு அளித்த ஒவ்வொரு விடுப்பு, பரோல் உத்தரவையும், விண்ணப்பம் வந்த தேதி, சொல்லப்பட்ட காரணம், பரிந்துரைத்த அதிகாரி, கையெழுத்திட்டவர் ஆகிய விவரங்களோடு வெளியிடட்டும். அதே காலத்தில் அதே சிறையிலிருந்து விண்ணப்பித்த மற்ற கைதிகளில் எத்தனை பேருக்கு அனுமதி கிடைத்தது, எத்தனை நாளில் கிடைத்தது என்பதையும் சேர்த்து வெளியிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை