ஆடும் பாலமும் அஞ்சும் பெற்றோரும்

கல்விச் சுற்றுலாவுக்குத் தென்மலை, புனலூர் என்று முடிவானதும் எங்கள் இல்லங்களில் எழுந்த முதற்கேள்வி, “தொங்குபாலமா?” என்பதுதான். மோர்பியை யாரும் மறக்கவில்லை. குஜராத்தின் அந்நகரில், பழுதுபார்த்துத் திறந்து நான்கே நாளில், 2022 அக்டோபர் 30 அன்று தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டனர். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட அப்பாக்கள் தயங்கியதில் வியப்பில்லை. ஆயினும், போகாமலிருப்பதே பாதுகாப்பு என்பதை நாங்கள் ஏற்பதற்கில்லை.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் பேருந்து ஏறியதும், வறண்ட வைகையையே பார்த்துப் பழகிய எங்கள் கண்களுக்கு அந்தப் பச்சை புதிது. தென்மலைக் காட்டில் நடப்பதற்கென்றே ஓர் ஆடும் பாலம் கட்டியிருக்கிறார்கள். அங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். நடுப்பாலத்தில் நின்று ஒரே தாளத்தில் குதித்தோம். ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கம்பியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். பெரியவர்களான நாங்கள் சிரித்தோம்!

1850-இல் பிரான்சின் ஆன்ஜே நகரில் படைவீரர்கள் கடக்கையில் தொங்குபாலம் அறுந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காற்றில் ஆடிய பாலத்தின் அசைவோடு அவர்கள் நடையும் சேர்ந்துகொண்டதாம். வடங்களின் பிடிப்பும் துருவேறியிருந்தது. இதைத் திரும்பி வந்த பிறகே படித்தோம்.

புனலூரில் வேறு அனுபவம். கல்லடையாற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்னும் பொறியாளர் அமைத்து 1877-இல் முடிந்த பாலம் அது; ஏறக்குறைய 400 அடி நீளம். பலகைத் தளத்தின் பாரத்தை இரு பெருஞ்சங்கிலிகள் கல்தூண்களின் மேலாக ஏந்தி, கரைகளில் தோண்டிய கிணறுகளுக்குள் இறங்குகின்றன. ஆறு யானைகளை நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு. இன்று அதன்மேல் வண்டிகளுக்கு அனுமதியில்லை.

பழமை மட்டும் பாலத்தை அறுப்பதில்லை. மோர்பியில் வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்திருந்தன என்றது விசாரணைக் குழு. எத்தனை பேர் ஏறலாம் என்ற வரம்பின்றிச் சீட்டும் விற்றிருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோரே, “போகாதே” என்னாதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர், கடைசியாகச் சோதித்தது எப்போது என்று கேளுங்கள். விடை கிடைக்காத பாலத்தை நாங்களும் கரையிலிருந்தே பார்ப்போம். அருட்சகோதரிகள் எங்களைப் பத்துப் பத்துப் பேராக அனுப்பட்டும். குதிப்பவளைத் திருப்பி அழைக்கட்டும். அடுத்த முறை அந்தத் தங்கை முன்னே நடக்கட்டும். அவள் வேகத்துக்கு நாங்கள் பின்னால் வருகிறோம்.