தகவமைத்துக் கொள்ள வேண்டியது யார்?

மேலாண்மைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். 'ஊழியர் ஈடுபாடு', 'அதிகாரமளித்தல்', 'தகவமைப்புத் திறன்' ஆகியவை எங்கள் கருத்தரங்குகளில் ஓயாமல் ஓதப்படும் மந்திரங்கள். ஈடுபாடும் அதிகாரமும் உள்ள ஊழியர் எந்த மாற்றத்துக்கும் தன்னைத் தகவமைத்துக் கொள்வார் என்கிறார்கள். இதைத் தூய்மைப் பணியாளரை வைத்துப் பேசிய கருத்தரங்கு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து அழுகிய குப்பையை அள்ளியவர்கள் அவர்கள். 2020இல் ஊரே கதவடைத்துக் கிடந்தபோது தெருவில் நின்றவர்களும் அவர்களே. இதைவிடப் பெரிய ஈடுபாடு எந்த ஐ.டி. நிறுவனத்தில் இருக்கிறது? இதற்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்த அதிகாரம் என்ன?

2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு அறிவித்த திட்டங்களில் காலை உணவு இருந்தது. பணி நிரந்தரம் இல்லை.

எங்கள் துறையில் அதிகாரமளித்தலை அளக்க, 1995இல் கிரெச்சென் ஸ்பிரைட்சர் உருவாக்கிய அளவுகோலைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். வேலையின் அர்த்தம், தன் திறமை மீது நம்பிக்கை, தானே முடிவெடுத்தல், பணியிடத்தில் செல்வாக்கு என்று அதில் நான்கு கூறுகள். நான்கும் ஊழியரின் மனதுக்குள் இருக்கும் உணர்வை அளப்பவை. வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? சங்கம் வைக்க முடியுமா? மகளும் இதே துடைப்பத்தைத்தான் எடுக்க வேண்டுமா? இந்தக் கேள்விகள் அதில் கிடையாது.

அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் இதற்கு விடை சொல்லிவிட்டார். தொழில்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப மனிதர்களும் தொழில் மாறும் உரிமை பெற வேண்டும். சாதி அந்த உரிமையை மறுக்கிறது, வேலையின்மையையும் உண்டாக்குகிறது என்று வாதிட்டார். அதாவது, இந்த நாட்டில் தகவமைப்புக்கு முதல் எதிரி சாதி. ஆனால் சாதியை அப்படியே விட்டுவிட்டு, ஒப்பந்தக்காரர் மாறுவதற்கும் கூலி குறைவதற்கும் தொழிலாளி தன்னைத் தகவமைத்துக் கொள்ள வேண்டும் என்கிறார்கள். அடிமைத்தனத்துக்குப் பழகிக்கொள் என்பதற்கு இது நாகரிகமான பெயர், அவ்வளவுதான்.

அதிகாரமளித்தல் என்றால் பணி நிரந்தரம், சங்கத்தோடு பேச்சுவார்த்தை, இந்தத் தொழிலை விட்டு வேறு தொழிலுக்குப் போகும் வழி. ஆய்வாளர் தோழர்களே, உங்கள் அடுத்த கேள்வித்தாளில் இந்த மூன்றையும் சேருங்கள். கூடவே சாதியையும் கேளுங்கள்.