வேலிக்கு அப்பாலும் நம் வளவே

களை என்பது யாது? பிற நாட்டிலிருந்து வந்த செடியெல்லாம் களை என்று கூறுதல் பொருந்தாது. உரும்பிராயின் செம்மண்ணுக்குச் செல்வம் தேடித்தந்த புகையிலையும் மிளகாயும், வளவு தோறும் நிற்கும் பப்பாசியும், வறியவரின் பசி தீர்த்த மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. அவை வந்தன; நம் கைக்கு அடங்கின; நம்மோடு வாழ்ந்தன. அயலில் நிற்கும் எதனையும் வாழவிடாது தான் மட்டுமே வாழ முற்படுவது எதுவோ அதுவே களை. அதே கண்டத்திலிருந்து வந்து இன்று நம் வேலியோரங்களைக் கைப்பற்றியிருக்கும் பாதீனியம் அத்தகையது.

இச்செடியின் வரலாறு அறியத்தக்கது. இந்தியாவில் புனே நகரில் 1955 அளவில் இது கண்டறியப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு இதன் வித்தும் வந்தது என்பர். இலங்கைக்கு இது 1987 இல் இந்தியப் படையினர் வந்தபோது, அவர்களின் உணவுக்காகக் கொணரப்பட்ட ஆடுகளோடு வந்திருக்கலாம் எனப் பரவலாகக் கருதப்படுகின்றது. வவுனியாவில் 1999 இல் இனங்காணப்பட்டது. படை போய்விட்டது; செடி நின்றுவிட்டது.

கரட் இலை போன்ற இலையும், நுண்ணிய வெண்மலரும் கொண்ட இச்செடி பார்வைக்குத் தீங்கற்றது. முளைத்து ஒரு மாதமளவில் பூக்கும். ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வித்துக்களை உதிர்க்கும். அவை மண்ணுள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, மழை கண்டதும் எழும். வேரும் இலையும் கசியவிடும் நச்சுப்பொருள் அண்டையில் முளைக்கும் பயிரை நலியச் செய்யும். தொட்டவர் சிலருக்குத் தோலில் அழற்சி உண்டாகும். மகரந்தத்தைச் சுவாசிப்பவர் சிலருக்குத் தும்மலும் ஆஸ்துமாவும் வரும். மேய்ந்த மாட்டின் பாலும் கசக்கும். முள்மரத்தை இளமையிலேயே களைக என்றார் வள்ளுவர். முற்றினால் அது களைவோர் கையை வருத்தும் என்பதனால். பாதீனியமோ களையாதவனை விட்டுவிட்டு, அவனுடைய அயலானின் மூச்சையும் வருத்தும்.

இங்கேதான் நம் ஊரின் தனித் துயரம் தோன்றுகின்றது. 1987 ஒக்டோபரில் போர் உரும்பிராய் வழியே சென்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் பெயர்ந்தது. திரும்பி வந்தோர் பலர், வாராதோரும் பலர். கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்வோரின் வளவுகள் பல பூட்டிய படலையோடு கிடக்கின்றன. உழவாரம் கொண்டு தன் முற்றத்தை நாள்தோறும் செருக்குபவனின் உழைப்பு, பக்கத்து வளவில் ஒரு மாரிக்கு உதிரும் வித்துக்களுக்கு ஈடாகுமா? வேலி மாட்டைத் தடுக்கும். காற்றையும் வெள்ளத்தையும் தடுக்குமா?

ஆதலின் இதனைத் தனி ஒருவரின் தோட்டவேலையாகக் கருதுதல் தவறு. அதேவேளை, ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் சிரமதானத்தாலும் இது தீராது. மேடையும் உரையும் முடிந்து, பூத்துக் குலுங்கும் செடியைப் பிடுங்கி வீதியோரத்தில் குவித்துவிட்டுச் செல்வது களையெடுப்பன்று, விதைப்பு. அதிலும் பள்ளிச் சிறுவரைக் கையுறையின்றி இவ்வேலையில் ஏவுதல் கண்டிக்கத்தக்கது.

செய்ய வேண்டியது எளியது. ஆனால் காலந்தவறாது செய்ய வேண்டியது. ஐப்பசி மழை பெய்து இரண்டு மூன்று வாரங்களில், பூக்குமுன், ஈரமண்ணிலிருந்து வேரோடு பிடுங்க வேண்டும். மேலே வெட்டிவிட்டால் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். பூவாத செடியைப் புதைத்துப் பசளையாக்கலாம். பூத்ததைச் சாக்கினுள் இட்டுக் கட்டி, உலர்த்தி எரித்தல் வேண்டும். கையுறையும் முகமூடியும் இன்றியமையாதன. வெளியிலிருந்து வரும் எருவையும் மணலையும் கொட்டிய இடத்தைச் சில மாதங்கள் கவனித்தல் வேண்டும். உப்புக்கரைசலையும் களைகொல்லியையும் நாடுவோர், சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழும் நமக்குக் கிணற்று நீரே உயிர் என்பதை மறவாதிருப்பாராக.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பார் உளர். ஆகாயத்தாமரையை ஒழிக்க இலங்கையில் 1909 இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அது இன்றும் நம் நீர்நிலைகளில் மிதக்கின்றது. பாதீனியத்துக்கும் 1999 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சட்டத்துக்கு வாய் உண்டு, கை இல்லை. பூச்சி தின்றுவிடும் என்பார் பிறர். நாகதாளியைப் பூச்சியால் அடக்கிய வரலாறு நம் நாட்டுக்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் மெக்சிக்கோவிலிருந்து தருவித்து 1984 அளவில் பெங்களூரில் விடப்பட்ட வண்டு பாதீனியத்தைக் குறைத்ததேயன்றி ஒழிக்கவில்லை. அறிவியலார் ஆய்ந்து தரும் துணையை ஏற்போம். அது வரும்வரை கைகட்டியிருத்தல் ஆகாது.

ஊர் தோறும் சனசமூக நிலையங்கள் உள. அவை பூட்டிய வளவுகளுக்கு ஒரு பதிவேடு வைக்கட்டும். உரிமையாளர் எங்கிருப்பினும் தொடர்பு கொள்வது இந்நாளில் அரிதன்று. கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் மனமுவந்து அனுப்புவோர், தம் வளவைத் துப்புரவாக்க ஒரு நாட்கூலியை மறுப்பாரா? கேட்க வேண்டியவர் கேட்பதில்லை என்பதே குறை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் மாணவர் குறிஞ்சிக்குக் காந்தளும், முல்லைக்குக் கொன்றையும் சொல்லித் தேர்வில் புள்ளி பெறுகின்றனர். பாடசாலை வாயிலில் நிற்கும் செடியின் பெயரைக் கேட்டால் பலர் விழிக்கின்றனர். மண்ணையும் மரத்தையும் கூர்ந்து நோக்கிய புலவரின் கல்வி, இலக்கியத்தை மனனம் செய்வதோடு முடிவதன்று. செடியை இனங்காணக் கற்பிப்போம். பிடுங்குவதைப் பெரியோர் செய்யட்டும்.

நிலத்துக்கு உறுதி எழுதியவர் எல்லை குறித்தனர். வித்து அவ்வுறுதியைப் படிப்பதில்லை. என் வளவு என்னும் சொல்லை நம் ஊர் என்னும் அளவுக்கு விரித்தாலன்றி, எவர் வளவும் துப்புரவாகாது.