முதற்கோணல் முற்றும் கோணலா?

‘முதற்கோணல் முற்றும் கோணல்’ என்பது நம் பழமொழி. எல்லா இடத்திலும் அது செல்லுமா? செல்லாத ஓரிடத்தை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து நமக்குக் காட்டுகிறது.

கால்பந்து என்றதும் நாம் உதைத்து விளையாடும் உருண்டைப் பந்தை எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கர்களின் கால்பந்து இரு முனையும் கூர்மையான நீள்பந்து. கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் மிகுதி. பல்கலைக்கழக அணிகள் மோதும்போது ஒரு லட்சம் பேர் அமர்ந்து பார்க்கும் அரங்குகள் அங்கே உண்டு. ஆகவே, தலைமைப் பயிற்சியாளரின் நியமனம் ஒரு பெரும் செய்தியாகிவிடுகிறது. நியமித்த அன்றே ‘நல்ல தேர்வு’, ‘கெட்ட தேர்வு’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். இந்த அவசரத் தீர்ப்பு முறையன்று என்பதே என் கருத்து.

2007இல் அலபாமா பல்கலைக்கழகம் நிக் சேபனை 8 ஆண்டுகளுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் ஊதியத்தில் அமர்த்தியது. முதல் ஆண்டு களத்தில் கண்டதோ 7 வெற்றி, 6 தோல்வி! லூசியானா-மன்றோ என்னும் எளிய அணியிடம் சொந்த மண்ணிலேயே 21-14 என்று தோற்றது. அன்றே தீர்ப்பு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2009 முதல் 2020 வரை அவருடைய அணி ஆறு முறை தேசிய வாகை சூடியது. 2024 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றபோது நாடே எழுந்து வணங்கியது.

கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் டாபோ ஸ்வினியும் அப்படியே. 2008இல் பருவத்தின் நடுவே தற்காலிகப் பொறுப்பேற்ற துணைப் பயிற்சியாளர் அவர். 2010இல் 6 வெற்றி, 7 தோல்வி. இருந்தும் நிர்வாகம் பொறுத்தது. 2016இலும் 2018இலும் வாகை வந்தது.

இனி மறுபக்கம் பாருங்கள். ஜிம்போ ஃபிஷர் 2013இல் புளோரிடா ஸ்டேட் அணிக்கு வாகை தேடித் தந்தவர். அவரை டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2017 டிசம்பரில் 10 ஆண்டுகளுக்கு 7½ கோடி டாலர் பேசி அழைத்து வந்தது. ஆண்டு மட்டும் பொறிக்காத வாகைப் பட்டயம் ஒன்றையும் முன்கூட்டியே அவர் கையில் கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்த கதைதான்! அந்த ஆண்டு வரவேயில்லை. 2023 நவம்பரில் நீக்கியபோது, வேலை செய்யாத ஆண்டுகளுக்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7½ கோடி டாலருக்கும் மேல். அவரைத் தேர்ந்தது பிழையன்று. கண்ணை மூடிக்கொண்டு எழுதிய ஒப்பந்தமே பிழை.

நண்பர்கள் ஒரு தடை எழுப்பலாம்: “வென்றால் நல்ல தேர்வு, தோற்றால் கெட்ட தேர்வு; இதில் ஆராய என்ன இருக்கிறது?” ஜீன் சிசிக் கதை இதற்கு விடை. அயோவா ஸ்டேட்டில் இரண்டே ஆண்டுகளில் 5 வெற்றி, 19 தோல்வி கண்டவரை ஆபர்ன் பல்கலைக்கழகம் 2008இல் அமர்த்தியது. ஊரார் கொதித்தனர். 2010இல் கேம் நியூட்டன் என்ற ஒப்பற்ற வீரரின் துணையோடு 14 ஆட்டங்களிலும் வென்று அணி வாகை சூடியது. வைதவர்களே வாழ்த்தினர். நியூட்டன் போனார், 2012இல் 3 வெற்றி, 9 தோல்வி, சிசிக்கும் போனார். ஒரு பருவத்தின் வெற்றி ஒருவரது தகுதிக்கு முழுச் சான்றாகாது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

அப்படியானால் அளவுகோல் எது? நான் மூன்று சொல்வேன். ஒன்று, தேர்ந்த அன்று தெரிந்திருந்த உண்மைகளை நடுநிலையோடு எடை போட்டார்களா? இரண்டு, தாமே திரட்டிய மாணவர்களைக் கொண்டு அணி அமைக்க அவருக்குக் காலம் தந்தார்களா? 2021 முதல் மாணவர்கள் ஓராண்டு காத்திராமலே வேறு பல்கலைக்கழகம் மாறி ஆட வழி பிறந்துள்ளதால் இக்காலம் குறுகியிருக்கிறது. ஆயினும் ஓராண்டு போதாது. மூன்று, அவர் விட்டுச் சென்றது என்ன? கட்டுக்கோப்பான அணியா, கடன் சுமையா?

இது வெறும் விளையாட்டுப் பேச்சன்று. பயிற்சியாளர் வீடு தேடி வந்து தந்த வாக்கை நம்பி, 18 வயது இளைஞன் ஒருவன் ஊர்விட்டு வருகிறான். ஆடுவதற்கு அவனுக்குள்ள பருவங்கள் மிகச் சிலவே. அவசரமாக நியமித்து அவசரமாக நீக்கும்போது பயிற்சியாளர் பணத்தோடு போகிறார். மாணவன் இழந்த பருவத்தை யார் திருப்பித் தருவார்?

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரத்தை முன்னும் ‘தெரிந்து வினையாடல்’ என்பதைப் பின்னும் வைத்தார். ஆராய்ந்து தேர்ந்தபின் அவரவர்க்கேற்ற பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்ற முறை அந்த வரிசையிலேயே இருக்கிறது. தேர்வதில் நிதானம், தேர்ந்தபின் பொறுமை – நாளை நாம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமரும்போது இவ்விரண்டையும் மறவாதிருப்போம்.