சிக்கிய பயணிக்கு வழிவிட வேண்டும்

சிலி நாட்டின் தென்கோடியில் உள்ள மகயானெஸ் பகுதிக்கும் நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் இடையே நேரடிச் சாலை கிடையாது. அர்ஜென்டினா வழியாகச் சுற்றிப் போக வேண்டும். இல்லையேல் கப்பல், விமானம். கோடையிலும் குளிர்காற்று ஓயாத அந்த ஊர்களில் வீட்டைக் கதகதப்பாக வைத்திருப்பது எரிவாயுதான். அதன் விலையை 16.8 விழுக்காடு உயர்த்தப்போவதாக அன்றைய அதிபர் செபாஸ்டியன் பின்யேராவின் அரசு அறிவித்தது. அதை எதிர்த்து 2011 ஜனவரி 12 அன்று காலவரையற்ற முழு அடைப்பு தொடங்கியது. மறியல் நடந்த இடத்தில் லாரி மோதி இரண்டு பெண்கள் உயிரிழந்தனர்.

மக்களின் கோபம் நியாயமானது. தலைநகரிலிருந்து இவ்வளவு தொலைவில், இவ்வளவு குளிரில் வாழ்வதற்கு மலிவான எரிவாயு அவர்களுக்குக் கிடைத்த ஓர் ஈடு. ஆனால் ஜனவரி சுற்றுலாப் பருவத்தின் உச்சமும்கூட. டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவைக் காண வந்த வெளிநாட்டவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புவேர்ட்டோ நத்தாலெஸ், புன்டா அரீனாஸ் நகரங்களில் சிக்கிக்கொண்டனர். எல்லைக்குப் போகும் சாலையும் அடைபட்டது. எரிவாயு விலையை ஏற்றவோ இறக்கவோ அவர்களால் ஆகாது. அந்த ஊரில் அவர்களுக்கு உறவும் இல்லை, வாக்கும் இல்லை.

வெளியூர்க்காரர் தவித்தால்தான் அரசு இறங்கிவரும் என்று வாதிடுவோர் உண்டு. மகயானெஸில் நடந்ததே அதற்குப் பதில். செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு பயணிகள் வெளியேறப் போராட்டக்காரர்கள் வழிவிட்டார்கள், விமானப்படையும் உதவியது. அதனால் போராட்டம் தளரவில்லை. எரிசக்தி அமைச்சர் மாற்றப்பட்டார். புதிய அமைச்சர் லாரன்ஸ் கோல்போர்ன் நடத்திய பேச்சில், ஜனவரி 18 அன்று உயர்வு 3 விழுக்காடாகக் குறைந்தது. சில நாள் கழித்துத் திறந்த வழியை முதல் நாளிலேயே திறந்திருக்கலாம். ஆம்புலன்சுக்கு வழிவிடும் எந்த அடைப்பும், பயணிகள் வெளியேற நாளொன்றுக்குச் சில மணி நேரத்தை முன்னறிவித்து ஒதுக்க முடியும். ஒதுக்கியே ஆக வேண்டும்.

பெரிய பொறுப்பு அரசுடையது. விமானம் ரத்தானால், காரணம் வேலைநிறுத்தமே ஆனாலும், காத்திருக்கும் பயணிக்கு உணவும் தங்குமிடமும் தரும் கடமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதிமுறை விமான நிறுவனத்தின் மேல் சுமத்தியது. சாலை மறியலில் சிக்கியவருக்கு இப்படிப் பொறுப்பேற்க எந்த நிறுவனமும் இல்லை. பருவத்தின் நடுவே விலையேற்றத்தை அறிவித்து, பேச்சுக்கு வர நாள் கடத்திய அரசுதான் அவர்களின் தங்கும் செலவை ஏற்க வேண்டும். அதற்கான நிதியையும், தூதரகங்களோடு பேசும் அதிகாரியையும் சுற்றுலாப் பருவம் தொடங்கும் முன்பே முடிவுசெய்து வைக்க வேண்டும்.