எதுவரைக்கும் டெம்பரவரி?

கம்பம், கூடலூர்ப் பக்கம் ‘டெம்பரவரி’ என்ற சொல்லைக் கேளாத காது கிடையாது. ஆங்கிலேயன் வினைக்கு அடையாக்கி ‘டெம்பரரிலி’ என்றான். நாம் ‘டெம்பரவரியா’ என்கிறோம். அகராதிப் பொருள் எளிது: சிறிது காலத்துக்கு மட்டும். புழக்கத்திலோ அது ஆளுக்கொரு முகம் காட்டுகிறது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பேறும் தொழிலாளியிடம் “டெம்பரவரியா வா” என்றால், நாளைக்கே நிறுத்தலாம், கேள்வி கேட்காதே என்று பொருள். அதே சொல் அதிகாரத்தின் கோப்பிலே ஏறிவிட்டால் அசைக்க ஆளில்லை! இங்கிலாந்திலே 1799இல் பிரெஞ்சுப் போருக்கென்று தற்காலிகமாக வந்தது வருமான வரி. இடையில் எடுத்தார்கள், மீண்டும் போட்டார்கள். இன்றும் ஆண்டுதோறும் சட்டம் போட்டுத்தான் அதைப் புதுப்பிக்கிறார்கள்.

நம் பள்ளத்தாக்கின் கதை அதைவிடக் கசப்பானது.

பென்னிகுவிக் கட்டி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையிலே 152 அடி தேக்கலாம். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் சிதைந்தது. கேரளத்திலே அச்சம் பரவிற்று. அணைக்குக் கீழே வாழும் இடுக்கித் தொழிலாளியும் நம் தோழன்தான். அவன் அச்சத்தை நாம் இகழவில்லை. அந்த ஆண்டே நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. எதற்காக? அணையைப் பலப்படுத்தும் வரையில், டெம்பரவரியாக!

மேலே கான்கிரீட் போட்டார்கள். இரும்புக் கம்பிவடத்தால் அடித்தளத்தோடு பிணைத்தார்கள். பின்புறம் தாங்குசுவர் எழுப்பினார்கள். மட்டம் மட்டும் ஏறவில்லை. 2006 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 142 என்றது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் 136க்கு மேல் கூடாதென்று சட்டம் செய்தது. ‘சிறிது காலம்’ சட்டமாகிவிட்டது, பார்த்தீர்களா! 2014 மே 7இல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அச்சட்டம் செல்லாதென்றார்கள். அவ்வாண்டு நவம்பரில் 142 அடி நிரம்பியது. இடையிலே கழிந்தது 35 ஆண்டு. இருபோகம் காணும் 14,707 ஏக்கரிலே ஒரு தலைமுறை வானத்தைப் பார்த்து நாற்றுப் பாவியது.

நம் ஊர்ச் சொல் ஒன்றுண்டு: இப்போதைக்கு. தேனிச் சந்தையில் “இப்போதைக்கு நூறு ரூபாய் வைத்துக்கொள்” என்பவன், மீதி உண்டென்று ஒப்புக்கொள்கிறான். கடன் கொடுத்தவன் சும்மா விடுவானா? “மீதி எப்போ?” என்று அங்கேயே நாள் கேட்பான். 1979இல் அந்த நாள் குறிக்கப்படவில்லை.

152க்குப் போகுமுன் பேபி அணையைப் பலப்படுத்தும் வேலை பாக்கி என்றார்கள். குறுக்கே நின்ற 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரிலே கேரள வனத்துறை அனுமதி தந்தது. சில நாளிலேயே நிறுத்தி வைத்து, பின்னர் ரத்தும் செய்தது. அணைக்கென்று எந்தக் குழு கூடினாலும் நம் பிரதிநிதிகள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வேலை எந்தத் தேதிக்குள் முடியும்? முடிந்தபின் சோதனை எந்த மாதம்? 1979இல் இறக்கியது 16 அடி, ஏறியது 6. மீதி 10 அடி எப்போ?