ககன்யான்: பெருமையைவிடப் பெரியது பொறுப்பு

செங்கோட்டையில் 2018 ஆகஸ்ட் 15 அன்று ககன்யான் திட்டத்தை அறிவித்த பிரதமர், 2022-க்குள் இந்தியர் ஒருவர் மூவண்ணக் கொடியுடன் விண்வெளிக்குச் செல்வார் என்றார். அந்த ஆண்டு கடந்துபோயிற்று. இப்போது 2027 என்கிறார்கள். சுமார் 10,000 கோடி ரூபாயில் தொடங்கிய திட்டம், விண்வெளி நிலையத்துக்கான முன்னோட்டப் பயணங்களும் சேர்க்கப்பட்டதால், 2024 செப்டம்பரில் 20,193 கோடியாக விரிந்தது. இயந்திரங்களே நிலவில் இறங்கி ஆராயும் காலத்தில், இவ்வளவு செலவில் மனிதரை அனுப்புவது ஒரு நாட்டின் மன எழுச்சிக்கு இன்னும் தேவைதானா என்று கேட்பவர்களைத் தேச விரோதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. தேவை என்பதே என் கட்சி. ஆனால், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் கொடி, பெருமை, வல்லரசு என்ற காரணங்கள் நிற்காதவை. நிற்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு. அதை நாம் அதிகம் பேசுவதில்லை.

பெருமையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் சோயுஸ் கலத்தில் சென்று, சல்யூட்-7 நிலையத்திலிருந்து இந்திரா காந்தியுடன் பேசினார். நாடு நெகிழ்ந்தது. ஆனால் அடுத்த இந்தியக் குடிமகன் புவியின் சுற்றுப்பாதைக்குப் போக 41 ஆண்டுகள் ஆயின. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். அதுவும் கட்டணம் செலுத்தி, அமெரிக்கத் தனியார் கலத்தில். இடைப்பட்ட காலத்தில் நம் பெருமிதம் குறைந்துவிடவில்லை. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 தரையிறங்கியதை யூடியூபில் மட்டும் ஒரே நேரத்தில் சுமார் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதைத் தமிழ்நாடு கொண்டாடித் தீர்த்தது. அந்தக் கலத்தில் மனிதர் யாரும் இல்லை. செலவு சுமார் 615 கோடி. பெருமிதம் மட்டுமே நோக்கம் என்றால், அதை முப்பதில் ஒரு பங்கு செலவில் இஸ்ரோ ஏற்கெனவே தந்துவிட்டது.

மனிதரை நிலவுக்கே அனுப்பிய நாட்டின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. 1960-களின் கருத்துக்கணிப்புகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரோஜர் லானியஸ், அமெரிக்கர்களில் பெரும்பான்மையோர் அப்போலோவுக்கான செலவு தகும் என்று கருதவில்லை என்கிறார். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்த 1969 ஜூலை மட்டுமே விதிவிலக்கு. 1972 டிசம்பருக்குப் பிறகு அப்போலோ நின்றுபோனது. 18, 19, 20 என்று திட்டமிடப்பட்ட பயணங்கள் முன்பே ரத்தாகியிருந்தன. சோவியத் கதை இன்னும் கடுமையானது. ககாரின் தந்த பெருமையால் அந்த நாட்டைக் காப்பாற்ற முடியவில்லை. செர்கெய் கிரிகாலேவ் 1991 மே மாதம் மீர் நிலையத்துக்குச் சென்றபோது சோவியத் குடிமகன். 1992 மார்ச்சில் அவர் தரையிறங்கியபோது அந்த நாடே இல்லை. அவர் பிறந்த லெனின்கிராடுக்குப் பெயரும் மாறியிருந்தது.

ஆனால் அதே அப்போலோ வரலாற்றில் வேறொன்றும் இருக்கிறது. அப்போலோ-11 புறப்படுவதற்கு முந்தைய நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நாதி, ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளையும் அழைத்துக்கொண்டு கேப் கென்னடிக்கு வந்தார். பசித்த வயிறுகள் இருக்க நிலவுக்கு ஏன் செலவு என்பது அவர் கேள்வி. நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் தூறலில் நின்று அவர் பேச்சைக் கேட்டார். வீரர்களின் பாதுகாப்புக்காகப் பிரார்த்தியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அபர்நாதி தயங்காமல் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு அப்போலோ-13 வீரர்கள் கலத்திலிருந்து நடத்திய ஒளிபரப்பை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டவில்லை. மக்களுக்கு நிலவுப் பயணம் அதற்குள் சலித்துவிட்டது. சிறிது நேரத்தில் கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. அந்த மூவரும் உயிரோடு திரும்புவார்களா என்று உலகமே தொலைக்காட்சி முன் காத்திருந்தது. போனதில் கிடைக்காத ஒற்றுமை, திரும்பி வரவேண்டுமே என்ற பதைப்பில் கிடைத்தது. இந்தப் பதைப்பை எந்த இயந்திரக் கலத்தாலும் தர முடியாது. விக்ரம் லேண்டர் 2019-ல் நிலவில் மோதி நொறுங்கியபோது வருந்தினோம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மனித விண்பயணத்தின் மதிப்பு அந்தப் பதில் சொல்லும் கடமையில்தான் இருக்கிறது. அது பொறியாளர்களின் வேலையையே மாற்றிவிடுகிறது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் நடந்ததைப் பாருங்கள். ககன்யான் ராக்கெட்டின் மேல்கட்டத்துக்கான சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின், மனிதரைச் சுமக்கத் தகுதியானது என்று 2024 பிப்ரவரியில் சான்று பெற்றது. அதற்காக நான்கு எஞ்சின்களை 39 முறை எரியவிட்டார்கள். குறைந்தபட்சத் தேவை 6,350 விநாடிகள். ஓட்டியது 8,810 விநாடிகள். ஸ்ரீஹரிகோட்டாவில் 2023 அக்டோபர் 21 அன்று நடந்த சோதனை இன்னும் விசேஷமானது. ராக்கெட் பழுதானால் வீரர்கள் எப்படித் தப்பிப்பார்கள் என்பதைப் பார்க்க மட்டுமே ஒரு ராக்கெட்டைச் செலுத்தினார்கள். புறப்பட 5 விநாடி இருக்கையில் கணினி ஏதோ கோளாறு என்று கவுன்ட்டவுனை நிறுத்தியது. காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்து, அன்று காலை 10 மணிக்கு ஏவினார்கள். சுமார் 12 கி.மீ. உயரத்தில் கலம் பிரிந்து, பாராசூட்டுகள் விரிந்து வங்கக் கடலில் விழுந்தது. விழுந்த கலம் தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே ஆள் இருந்தால் என்னவாகும் என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டியதாயிற்று. சரக்கை மட்டும் சுமக்கும் ராக்கெட்டுக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை.

நம் பொதுவாழ்வில் அரிதாகக் கிடைப்பது இந்தக் கவனம்தான். கழிவுநீர்த் தொட்டிக்குள் கயிறோ முகக்கவசமோ இல்லாமல் ஆளை இறக்குகிறோம். பட்டாசு ஆலை வெடித்தால் இழப்பீடு அறிவித்து அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ‘ஒன்றும் ஆகாது, பார்த்துக்கொள்ளலாம்’ என்பது நம் அலுவலகங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் ஊறிய வார்த்தை. ஆகலாம் என்று வைத்துக்கொண்டு வேலை செய்வது ககன்யானின் அடிப்படை விதி. மூன்று பேர் வரை 400 கி.மீ. உயரத்தில் மூன்று நாள் வைத்திருந்து உயிரோடு திருப்பித் தருகிறேன் என்று அரசு நாட்டின் முன் வாக்குக் கொடுக்கிறது. ஓர் உயிருக்கு அரசு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதை மக்கள் கண்ணால் பார்ப்பது, கொடி பறப்பதைப் பார்ப்பதைவிட ஆழமான தேசிய உணர்வு.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, பணம். 20,193 கோடி என்பது பல ஆண்டுகளுக்குப் பரவிய செலவு. தமிழ்நாடு அரசு மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் ஓராண்டில் 13,000 கோடிக்கு மேல் ஒதுக்குகிறது. எனவே ககன்யானால் நலத்திட்டங்கள் நசுங்குகின்றன என்பது மிகை. ஆனாலும் ஏழை நாட்டில் ஒவ்வொரு கோடிக்கும் கணக்குக் கேட்பது சரியே. இரண்டாவது, இந்திய விண்வெளித் திட்டத்துக்கு அடித்தளமிட்ட விக்ரம் சாராபாய். மனித விண்பயணத்திலோ நிலவுப் பயணத்திலோ பணக்கார நாடுகளோடு போட்டியிடும் கனவு நமக்கில்லை என்று அவர் தெளிவாகச் சொன்னவர். அது போட்டிக்கான மறுப்பு. சமூகத்தின் உண்மையான தேவைக்கு உதவுகிறதா என்பதே அவருடைய அளவுகோல். அந்த அளவுகோலை ககன்யானும் தாண்டியாக வேண்டும். மூன்றாவது, அறிவியல். இயந்திரக் கலங்கள் மலிவாக, அதிகமாகக் கண்டுபிடிக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அறிவியலுக்காகத்தான் மனிதரை அனுப்புகிறோம் என்று இஸ்ரோ வாதிட்டால் அது தோற்கும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி இன்னொன்று: விண்வெளியில் காட்டும் கவனம் தரைக்கு இறங்கி வருமா? தானாக வராது. மக்கள் பார்க்கும்படி அது நடந்தால் மட்டுமே வரும். கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா விண்ஓடம் 2003 பிப்ரவரி 1 அன்று சிதறியது. ஏவும்போதே நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது தெரிந்திருந்தது. படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதை மேலதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. விசாரணைக் குழு ஏழே மாதத்தில் முழு அறிக்கையை வெளியிட்டது. நுரைக்கு உள்ள அதே பங்கு நாசாவின் நிர்வாகப் பழக்கவழக்கத்துக்கும் உண்டு என்று அதில் எழுதியது. நம் நிலை வேறு. 2025 மே மாதம் பிஎஸ்எல்வி-சி61 ராக்கெட் மூன்றாம் கட்டத்தில் தோற்றது. அதன் முழு ஆய்வறிக்கை மக்கள் முன் வைக்கப்படாமலேயே 2026 ஜனவரியில் சி62 ஏவப்பட்டது. அதுவும் மூன்றாம் கட்டத்திலேயே தடம் புரண்டது. அந்த இரண்டிலும் போனது செயற்கைக்கோள்கள். ககன்யானில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

எனவே செய்ய வேண்டியவை இரண்டு. ஆளில்லாச் சோதனைப் பயணங்கள் ஒவ்வொன்றின் முடிவையும், குறைகள் உட்பட, வீரர்கள் ஏறுவதற்கு முன்பே இஸ்ரோ நாடாளுமன்றத்திலும் மக்களிடமும் வைக்க வேண்டும். ஏவும் நாளைப் பொறியாளர்கள் குறிக்க வேண்டும். சுதந்திர தினமோ தேர்தல் அட்டவணையோ குறிக்கக் கூடாது. இன்னும் ஓராண்டு தள்ளிப்போனாலும் அதைக் கேலி செய்யாமல் காத்திருப்பது நம் பங்கு. இந்த இரண்டும் நடந்தால் ககன்யானுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் தகும். நடக்காவிட்டால், சந்திரயான் தந்த பெருமையே நமக்குப் போதும்.